சாலைக்குப் போன நிலமும் குடும்பத்தின் பிழைப்பும்: வாசகர் கேள்வி – பதில்

சீனாவின் விரைவுச்சாலைகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்துவிட்டு, திருநெல்வேலிச் சீமையிலிருந்து பல வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். சாலையின் நீளத்தையும் அது முடிந்த வேகத்தையும் விட, அதற்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் பிறகு என்ன ஆயின என்பதையே பெரும்பாலோர் கேட்டிருக்கிறார்கள். நான்குவழிச்சாலைக்கும் புறவழிச்சாலைக்கும் வயலில் அளவுக்கல் நடப்படுவதைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்பது இயல்பே. ஐந்து கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

*சீனாவில் நிலமெல்லாம் அரசுக்குச் சொந்தம், ஆகவே சாலை போட யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று எங்கள் ஊரில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மைதானா? – ஒரு வாசகர், ஆலங்குளம்*

உண்மை இல்லை. அங்கே நகரத்து நிலம்தான் அரசின் உடைமை. கிராமத்து நிலம் ஊராரின் கூட்டுடைமை என்று 1982-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 10-ஆவது பிரிவு சொல்கிறது. ஊரார் எல்லோரும் நிலத்தைக் கூட்டாக உழுத கம்யூன் என்ற அமைப்புகள் கலைந்த பிறகு, அந்தக் கூட்டு நிலத்தைக் குடும்பத்திலுள்ள ஆள் கணக்குப் பார்த்துப் பங்கிட்டு, உழுது பயிரிடும் உரிமையை ஒப்பந்தமாகக் கொடுத்தார்கள். விளைநிலத்துக்கு இப்போது அந்த ஒப்பந்தக் காலம் 30 ஆண்டுகள். விளைவது உழுகிறவருக்குச் சொந்தம். நிலத்தை விற்க மட்டும் அவருக்கு உரிமை கிடையாது.

சாலை போட வேண்டுமானால் அரசு முதலில் அந்த நிலத்தைக் கையகப்படுத்தித் தன் உடைமையாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு இழப்பீடு கொடுத்தாக வேண்டும் என்பது 1986-இல் இயற்றிய நில நிர்வாகச் சட்டத்திலேயே இருக்கிறது. வாங்கல் விற்றல் இல்லாத நிலத்துக்கு எந்த விலையை வைத்துக் கணக்குப் போடுவது என்ற இடத்தில்தான் தொல்லை தொடங்கியது.

*அப்படியானால் விலையை எதை வைத்து முடிவு செய்தார்கள்? அது ஒரு குடும்பத்துக்குப் போதுமானதாக இருந்ததா? – ஒரு வாசகர், சுத்தமல்லி*

விளைச்சலை வைத்து முடிவு செய்தார்கள். முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி எடுத்து, ஓராண்டு விளைச்சலின் மதிப்பு இவ்வளவு என்று கண்டு, அதைப்போல இத்தனை மடங்கு என்று கொடுத்தார்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிலத்துக்கான தொகை 3 முதல் 6 மடங்கு. 1998-இல் சட்டத்தைத் திருத்தியபோது அது 6 முதல் 10 மடங்கானது. நிலத்தை இழந்து வேறு பிழைப்புத் தேட வேண்டியவர்களுக்கு மறுவாழ்வுத் தொகை தனி. 1998-க்குப் பின் அது ஆளுக்கு 4 முதல் 6 மடங்கு. இரண்டையும் சேர்த்தாலும் முதலில் 20 மடங்கையும், பிறகு 30 மடங்கையும் தாண்டக் கூடாது என்று ஓர் உச்சவரம்பு வைத்தார்கள்.

அங்கே நிலத்தை 'மூ' என்ற அளவில் சொல்வார்கள். ஒரு மூ என்பது நம் கணக்கில் ஏறத்தாழ பதினாறரை சென்ட். ஒரு மூ நிலத்தில் ஆண்டுக்கு 1,000 யுவான் மதிப்புள்ள நெல் விளைகிறது என்று விளக்கத்துக்காக வைத்துக்கொள்வோம். 1998-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நிலத்துக்கு மட்டும் அதிக அளவாக 10,000 யுவானும், மறுவாழ்வுத் தொகையும் சேர்த்து எப்படிப் போனாலும் 30,000 யுவானும்தான் கிடைக்கும். சாலை வந்த பிறகு அதை ஒட்டிய மனை என்ன விலைக்குப் போனாலும், கிடங்கோ தொழிற்சாலையோ எழும்பினாலும், நிலத்தை இழந்தவருக்கு அதில் ஒரு யுவான்கூட வராது. நம் தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரு போகம் நெல் விளைகிற ஒரு வயலுக்கு, நெல் விலையை மட்டும் பார்த்துக் கணக்குத் தீர்த்துவிட்டு, அந்த வயல் ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் வேலையாகவும் வீட்டுச் சாப்பாடாகவும் வயதான காலத்தில் ஒரு பிடிமானமாகவும் இருந்ததைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருந்தது. அந்த உச்சவரம்புதான் மூலக் குறை என்பது என் உறுதியான கருத்து. ஒரு குடும்பம் மறுபடி தலையெடுக்க என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே, கொடுக்கிறவர் தம் கையைக் கட்டிக்கொண்டுவிட்டார்.

தொடக்கக் காலத்தில் பணம் குறைவாக இருந்தாலும் வேறொரு வழி இருந்தது. நிலம் போன குடும்பத்தில் உழைக்கும் வயதிலுள்ள சிலருக்கு நகரவாசிப் பதிவும், அரசுத் தொழிற்சாலையில் வேலையும் கொடுப்பார்கள். நகரவாசிப் பதிவு இருந்தால்தான் பங்கீட்டு அரிசியும் நகரத்துச் சலுகைகளும் கிடைத்த காலம் அது. 1990-களில் அரசுத் தொழிற்சாலைகளே ஆட்குறைப்புச் செய்யத் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது. கையில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்புவது வழக்கமாயிற்று. இளைஞர்கள் வெளியூர்த் தொழிற்சாலைகளுக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டார்கள். நாற்பது, ஐம்பது வயதைக் கடந்த, உழவைத் தவிர வேறு தொழில் பழகாத ஆண்களும் பெண்களும்தான் நடுவில் நின்றார்கள்.

நிலத் தகராறுகள் பெருகியதைக் கண்டு, 2004-ஆம் ஆண்டு மத்திய அரசு ஓர் ஆணை வெளியிட்டது. நிலம் கொடுத்தவரின் பழைய வாழ்க்கைத் தரம் தாழக் கூடாது, 30 மடங்கும் போதாதென்றால் உள்ளூர் அரசு தன் நில வருவாயிலிருந்து கூடுதலாகக் கொடுக்கலாம் என்று அது வழிவிட்டது. 2007-ஆம் ஆண்டுச் சொத்துரிமைச் சட்டம், நிலம் இழந்த உழவர்களுக்குச் சமூகப் பாதுகாப்புக்கான செலவையும் ஒதுக்க வேண்டும் என்றது. கடைசியில் 2019-இல் நில நிர்வாகச் சட்டத்தையே திருத்தி, 2020 ஜனவரி 1 முதல் மடங்குக் கணக்கையும் உச்சவரம்பையும் நீக்கினார்கள். விளைச்சலோடு, நிலம் இருக்கும் இடம், தரம், தேவை, வட்டாரத்தின் பொருளாதார நிலை முதலியவற்றையும் பார்த்துப் பகுதிவாரியாக விலை குறித்து, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது அதைத் திருத்த வேண்டும் என்பது இப்போதைய விதி. நல்ல திருத்தம்தான். ஆனால் 2020 இறுதியில் சீனாவின் விரைவுச்சாலைகள் 1,60,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தன. ஆகவே அவற்றின் மிகப் பெரும்பகுதிக்கு நிலம் பழைய கணக்கிலேயே போயிற்று என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

*பணம் உழுகிறவர் கைக்கே வந்ததா, ஊர்ப் பெரியவர்களிடம் போனதா? – ஒரு வாசகர், வீரவநல்லூர்*

நிற்கிற பயிருக்கும் மரத்துக்கும் கட்டடத்துக்குமான தொகை அவற்றின் உரியவருக்கு. நிலத்துக்கான தொகை, நிலம் ஊர்ப்பொது என்பதால், ஊர் அமைப்புக்கு. மறுவாழ்வுத் தொகை, நிலம் இழந்தவருக்கு வேலையோ நிலமோ ஏற்பாடு செய்கிற அமைப்புக்கு. யாரும் ஏற்பாடு செய்யவில்லையென்றால் அவருக்கே.

இதில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் இருந்தன. சாலை என்பது நாடா போல நீண்டு போவது. ஓர் ஊரை முழுவதுமாக விழுங்காமல், சிலருடைய வயலை மட்டும் அறுத்துக்கொண்டு போகும். பல ஊர்களில், மீந்த நிலத்தை ஊரார் எல்லோருக்கும் மறுபடி பங்கிட்டு, இழப்பை எல்லாத் தலைக்கட்டுகளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கிக்கொண்டார்கள். எந்தக் குடும்பமும் நிலமற்றுப் போகவில்லை. நம் ஊரில் தனிப் பட்டா முறையில் இப்படி ஒரு ஏற்பாட்டை நினைத்துப் பார்க்கவே முடியாது. 2003-இல் நடைமுறைக்கு வந்த நில ஒப்பந்தச் சட்டம், குடும்பங்களின் உரிமையை நிலைப்படுத்துவதற்காக, இப்படி இடையில் நிலத்தை மாற்றிப் பங்கிடுவதைப் பெரிதும் கட்டுப்படுத்திவிட்டது.

தீமை என்னவென்றால், ஊர்க் கணக்கில் சேர்ந்த பணம் அங்கேயே தங்கியதும், பொறுப்பில் இருந்தவர்கள் அதை வெளிப்படையாகக் காட்டாததும் பல இடங்களில் நடந்தன. அதனால்தான் 2004-ஆம் ஆண்டு ஆணை, நிலத்துக்கான தொகை முதன்மையாக நிலம் இழந்த குடும்பங்களுக்கே பயன்பட வேண்டும் என்று எழுத வேண்டியிருந்தது.

*வீடு போனவர்களுக்கு வீடு கொடுத்தார்களா? – ஒரு வாசகர், நாங்குநேரி*

பெரும்பாலும் அதே ஊரில், சாலைக்குச் சற்றுத் தள்ளி மனை கொடுத்து, பணத்தையும் கொடுத்து, வீட்டை அவரவரே கட்டிக்கொள்ளச் செய்தார்கள். மண் சுவர் வீடு, செங்கல்லும் மரமும் சேர்ந்த வீடு, காங்கிரீட் வீடு என்று வகை பிரித்துச் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று விலை குறிப்பார்கள். சுற்றுச்சுவர், பன்றித் தொழுவம், நெல் காயப்போடும் களம், கிணறு, பழமரம், ஏன், வயலோரத்தில் இருக்கும் முன்னோர் கல்லறைகூட எண்ணி எழுதப்படும். கல்லறையை இடம் மாற்றத் தனித் தொகை உண்டு. வயல் வரப்பில் சுடலைமாடனுக்குப் பீடம் வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு அதன் அருமை புரியும்.

உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் கடன் கொடுத்த சாலைகளில் விதி இன்னும் கண்டிப்பானது. பழைய வீடு என்று தேய்மானம் கழிக்காமல், அதே போன்ற புது வீடு கட்ட ஆகும் செலவைக் கொடுக்க வேண்டும். மறுவாழ்வு சரியாக நடக்கிறதா என்று வெளியாள் ஒருவர் கண்காணித்து அறிக்கை தர வேண்டும். மற்றச் சாலைகளில் எல்லாம் அப்படி நடக்கவில்லை. 2012-இல் செஜியாங் மாகாணத்து வென்லிங் நகரில், புதிய சாலையின் நட்டநடுவில் ஓர் ஐந்து மாடி வீடு தனியாக நிற்கும் படம் உலகமெங்கும் பரவியது. கொடுப்பதாகச் சொன்ன தொகை வீடு கட்டிய செலவுக்கே காணாது என்பது அந்தக் குடும்பத்தின் வாதம். அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று வீடு இடிக்கப்பட்டது. இப்போதைய சட்டத்தில், மனை பெற்றுக் கட்டிக்கொள்வதா, கட்டிய வீட்டை வாங்கிக்கொள்வதா, பணமாகவே பெறுவதா என்பதில் கிராமத்தாரின் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள்.

*எங்கள் பக்கம் தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் அளக்கிறார்கள். எங்கள் வயலைச் சாலை குறுக்கே வெட்டுகிறது. கிணறும் பம்புசெட்டும் ஒரு பக்கம், நெல் வயல் மறுபக்கம். அதை ஒட்டி நாங்கள் குத்தகைக்கு உழும் வயலும் போகிறது. எங்களுக்கு என்ன வழி ஐயா? – ஒரு வாசகி, முக்கூடல்*

அம்மா, உங்கள் கடிதத்தில் மூன்று வேறு வேறு உரிமைகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதலாவது, எடுக்கப்படும் சொந்த நிலத்தின் விலை. 2015 முதல், தேசிய நெடுஞ்சாலைக்கு எடுக்கும் நிலத்துக்கும் 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் கணக்கே பொருந்தும். வழிகாட்டி மதிப்பு ஒருபுறம், சுற்றுவட்டாரத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயங்களில் உயர்ந்த பாதியின் சராசரி மறுபுறம். இவற்றில் எது அதிகமோ அதுதான் சந்தை மதிப்பு. அதைக் கிராமப்புறத்துக்கென்று குறித்த எண்ணால் பெருக்கி, கட்டடம், மரம், கிணறு ஆகியவற்றின் மதிப்பையும் சேர்த்து, அந்த மொத்தத்துக்கு நூறு சதவீதம் ஆறுதல் தொகையும் உண்டு. பக்கத்தில் நல்ல விலைக்குப் போன கிரயப் பத்திரங்களின் நகல்களைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, வயல் துண்டாவதால் வரும் நட்டம். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஜி பிரிவு, எடுத்த நிலம் மீதி நிலத்திலிருந்து பிரிக்கப்படுவதால் உண்டாகும் இழப்பையும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. தண்ணீர் பாயாத வயல் பெயருக்குத்தான் நஞ்சை. கிணற்றிலிருந்து மடை வரை குழாய் போகும் தடத்தை வரைபடமாக வரைந்து, சாலைக்கு அடியில் குழாய் கொண்டுபோக வழி விடவும், மாடும் டிராக்டரும் கடக்க வழி அமைக்கவும் எழுத்தில் கேளுங்கள். முதல் அறிவிக்கை வெளியான 21 நாளுக்குள் ஆட்சேபனை கொடுக்கலாம். இழப்பீட்டுக்கான உரிமை கோரிப் பத்திரிகையில் வரும் அறிவிப்பு அதற்குப் பிந்தியது. தொகை நிர்ணயமான பிறகு போதாதென்றால் நடுவரிடம் முறையிடவும் வழி இருக்கிறது.

மூன்றாவது குத்தகை. பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். நிலம் எடுக்கப்படும் சொந்தக்காரரைப் போலவே, சொந்த நிலம் இல்லாமல், எடுக்கப்படுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அந்தப் பகுதி நிலத்தை முதன்மைப் பிழைப்பாக நம்பியிருந்த குத்தகைதாரரையும் விவசாயக் கூலியையும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதிக்கப்பட்ட குடும்பமாகவே கருதுகிறது. வேலை, அல்லது ஒரே தவணையில் 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகை என்பது அதன் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. நம் பக்கத்தில் குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே நடப்பதால் சான்றுதான் கடினம். 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி பெயர் பதிவாகியிருந்தால் நல்லது. இல்லையென்றால், கிராம நிர்வாக அலுவலரிடம் பயிர் செய்ததற்கு வாங்கிய அடங்கல் சான்று, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட ரசீது, கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கிய கணக்கு, குத்தகை நெல் அளந்ததற்கு நிலக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டு என்று கைக்குக் கிடைப்பதையெல்லாம் சேர்த்து, உங்கள் பெயரில் தனி மனுவாக, நிலக்காரரின் மனுவோடு சேர்க்காமல் கொடுத்து, ஒப்புதல் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.