பாறைப் பெரணிக்குத் தினமும் தண்ணீர்

வணக்கம் சார்,

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். நர்சரியில் வாங்கிய போஸ்டன் பெரணி வீட்டில் நன்றாக வருகிறது. பொங்கல் விடுமுறையில் செஞ்சிப் பக்கம் போனபோது பாறை வெடிப்பில் விரல் நீளப் பனங்கன்று போல ஒரு செடி பார்த்தேன். அதுவும் பெரணிதான் என்று மகள் சொன்னாள். இரண்டு பிடுங்கி வந்தேன். ஒன்றைத் தொட்டியில் வைத்து, நிழலில் தினமும் தண்ணீர் ஊற்றினேன். அடி அழுகிப் போனது. இன்னொன்று காகிதத்தில் சுருட்டியபடி காய்ந்து கிடக்கிறது. வெயில் பாறையில் பிழைத்தது வீட்டு நிழலில் ஏன் சாகிறது?

எஸ்., கடலூர்

அன்புள்ள எஸ்.,

காகிதத்தில் கிடப்பதை எறிந்துவிடாதீர்கள். இரண்டில் அதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது மயூரசிகை, தாவரவியலில் ஆக்டினியோப்டெரிஸ் ரேடியேட்டா. உங்கள் போஸ்டன் பெரணி ஈரக்காட்டுக் குலம். இது வறண்ட பாறைகளிலும் பழைய சுவர் இடுக்குகளிலும் வளர்வது. ஒன்றுக்குச் செய்ததை மற்றதற்கும் செய்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

வறட்சி தாங்கும் செடி என்றதும் கள்ளி நினைவுக்கு வரும். கள்ளி தண்ணீரைச் சேர்த்து வைக்கும். இந்தப் பெரணிகள் அந்த வேலைக்கே போவதில்லை. காய்கிற காலத்தில் பேசாமல் காய்ந்துவிடும். இலை சுருளும், செல்லுக்குள் சர்க்கரைகள் கூடிச் சவ்வு உடையாமல் காக்கும், உயிர் இயக்கம் ஏறக்குறைய நின்றுபோகும். அமெரிக்காவில் ஓக் மரக் கிளைகளில் வளரும் ஒரு பெரணி, தன் ஈரத்தில் 97 சதவீதம் வரை இழந்தாலும் மழை பெய்து ஒரு நாளுக்குள் பச்சையாகிவிடுகிறது. ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் வெள்ளிப் பெரணி பார்த்திருப்பீர்கள், பிள்ளைகள் புறங்கையில் அழுத்தி வெள்ளை அச்சு எடுப்பார்களே, அதுதான். காயும்போது இலை சுருண்டு அந்த வெள்ளை மாவுப் பக்கம் வெளியே வரும். வெயில் பட்டுத் திரும்பிவிடும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது வேறொன்று. பெரணியின் ஆண் அணு முட்டையிடம் நீந்தித்தான் போக வேண்டும், அதற்குக் கொஞ்சமாவது நீர் வேண்டும். பாறை வகைகள் பலவும் அந்த வழக்கத்தையே விட்டுவிட்டன. கரு சேராமலே புதுச் செடி முளைக்கிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாறையின் மேல்தளம்தான் கொதிக்கிறது, வெடிப்புக்குள் நிழல். பாறை முழுக்க விழுந்த மழை வழிந்து அங்கே சேரும், சற்று நேரத்தில் வடிந்தும் போகும். வேர் நனையுமே தவிர ஊறிக் கிடக்காது. தொட்டியில் தென்னை நார்க் கழிவு போட்டிருந்தீர்களானால் அது இரவு பகலாக ஊறியே இருந்திருக்கும்.

மிச்சமிருப்பதை ஒரு தட்டில் வைத்து மழைநீர் தெளியுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், நம் கடற்கரையோரத்தில் பல இடங்களில் உப்பு ஏறியிருக்கிறது. இலை விரிந்ததும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். செத்த இலையும் நனைந்தால் விரியக்கூடும். இரண்டு மூன்று நாளில் பச்சை தெரிந்தால்தான் கணக்கு. தெரிந்தால், அடியில் ஓட்டை உள்ள மண்தொட்டியில் செங்கல் உடைசல், ஜல்லி, பிடி இலை மக்கு கலந்து, இரண்டு கல்லுக்கு நடுவே சாய்த்து நடுங்கள். காலை வெயில் போதும். சுருண்டால் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே வைத்துவிடுங்கள், அது பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு முறை போனால் பிடுங்காதீர்கள். செஞ்சிக் கோட்டை பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பது ஒரு பக்கம். அந்த வெடிப்பில் மக்கு சேரவே எத்தனையோ வருடம் ஆகியிருக்கும்.

பெரணி ஆசைக்குக் கடலூரிலேயே வழி இருக்கிறது. நீங்கள் கூட்டு வைக்கிற ஆரைக்கீரையும் பெரணிதான். குளம் வற்றினால் மிளகளவு கெட்டிக் காய்களாகச் சேற்றில் வருடக்கணக்கில் காத்திருக்கும். பழைய சுண்ணாம்புச் சுவர்களில் நீள இலையோடு தொங்குவது டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணியாக இருக்கலாம், சுண்ணாம்பு அதற்கு இஷ்டம். அதை மட்டும் சமைக்க வேண்டாம். மண்ணிலுள்ள ஆர்செனிக் என்ற நஞ்சை அது உறிஞ்சி இலையில் சேர்க்கிறது என்று 2001இல் கண்டுபிடித்தார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒன்று இருந்தால் இலையின் அடிப்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்கள், அதுதானா என்று பார்த்துச் சொல்கிறேன்.