மகன் ஃபுட்போல்தான் தொழில் என்கிறான்: ஸ்காபரோவில் இருந்து எழுதிய தாய்க்கு

அன்புள்ள அக்கா,

பதினோராம் வகுப்பில் படிக்கும் மகன், உயிரியலும் கணிதமும் நன்றாக வருகிற பிள்ளை, இப்போது சி.எஃப்.எல்.லில், அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் கனேடிய ஃபுட்போல் லீக்கில், ஆட்டக்காரனாக வரப்போகிறேன் என்று நிற்கிறான் என எழுதியிருந்தீர்கள். "பக்கத்தில் அமெரிக்காவின் பெரிய லீக் இருக்க இதை யார் பார்க்கிறார்கள், இது இன்னும் எத்தனை வருசம் இருக்கும்?" என்று அத்தான் கேட்கிறாராம். நல்ல கேள்வி. உங்கள் மகனும் இதைக் கேட்டிருக்க வேண்டும். ஆகவே இதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

காசை வைத்துப் பார்த்தால் இரண்டு லீக்குகளும் ஒரே தராசில் நிற்காது. 2024இல் அமெரிக்காவின் அந்தப் பெரிய லீக்கான என்.எஃப்.எல். அணி ஒன்று ஆட்டக்காரரின் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்ச வரம்பு 25 கோடி அமெரிக்க டொலருக்கும் மேல். அதே ஆண்டு சி.எஃப்.எல். அணி ஒன்றின் வரம்பு சுமார் 55 இலட்சம் கனேடிய டொலர். அந்த ஆண்டு அங்கே புதிதாகச் சேர்ந்த ஒருவரின் குறைந்தபட்சச் சம்பளம் 7,95,000 அமெரிக்க டொலர். இங்கே 70,000 கனேடிய டொலர். மே மாதப் பயிற்சி முகாமில் தொடங்கி நவம்பரில் லீக்கின் இறுதிப் போட்டியான கிரே கிண்ணம் முடியும் வரையான வேலைக்கு இந்தச் சம்பளம். மிச்ச மாதங்களில் வேறு வேலை பார்க்கும் ஆட்டக்காரர்கள் ஏராளம். உங்கள் மகன் இந்தத் தொகைகளைத் தன் கையால் ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும்.

ஆனால் "எத்தனை வருசம் இருக்கும்" என்ற பயத்தில் நான் அத்தானோடு உடன்படவில்லை. கிரே கிண்ணம் 1909இல் தொடங்கியது. சி.எஃப்.எல். என்ற பெயரில் லீக் 1958இல் இருந்து ஓடுகிறது. இடையில் அமெரிக்காவில் என்.எஃப்.எல்.லுக்குப் போட்டியாகப் பெரும் பணத்தோடு வந்தவற்றைப் பாருங்கள். உலக ஃபுட்போல் லீக் 1974இல் வந்து அடுத்த ஆண்டே மூடியது. யு.எஸ்.எஃப்.எல். 1983 முதல் 1985 வரை மூன்று பருவம் ஆடியது. பிறகு என்.எஃப்.எல். மீது தொடுத்த வழக்கில் வென்றும், நீதிமன்றம் கொடுத்த இழப்பீடு ஒரு டொலர், சட்டப்படி மும்மடங்காக்கி மூன்று டொலர். எக்ஸ்.எஃப்.எல். 2001இல் ஒரே பருவத்தோடு நின்றது. 2019இல் வந்த ஏ.ஏ.எஃப். தன் முதல் பருவத்தையே முடிக்கவில்லை. இத்தனைக்கும் நடுவில் இந்தச் சிறிய லீக் நிற்கிறது.

அது சுகமாக நிற்கிறது என்று சொல்லமாட்டேன். 1993இல் அமெரிக்க நகரங்களுக்குப் போய் அணிகளைத் தொடங்கினார்கள். 1995இல் போல்ட்டிமோர் அணி கிரே கிண்ணத்தையே வென்றது, ஆனாலும் அந்தப் பருவத்தோடு அமெரிக்க முயற்சி முடிந்து, அந்த அணியின் உரிமையாளர் மொன்றியலுக்கு வந்துவிட்டார். கொரோனா வந்த 2020இல் மத்திய அரசிடம் கேட்ட வட்டியில்லாக் கடன் கிடைக்காமல் முழுப் பருவமும் ரத்தானது. அந்த ஆண்டில் அகப்பட்ட இளம் ஆட்டக்காரர்களுக்கு வருமானம் இல்லாமல் போனது. 2021இல், மறுபடி உயிர்பெற்றிருந்த எக்ஸ்.எஃப்.எல்.லோடு சேர்வது பற்றிப் பேசிப் பார்த்து அதையும் கைவிட்டார்கள். இப்போது 2027இல் இருந்து 110 யார் மைதானத்தை 100 யாராகச் சுருக்கப்போகிறார்கள். மூன்று டவுனும் (பந்தை முன்னேற்றக் கிடைக்கும் முயற்சிகள்) ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேரும் அப்படியே இருக்கும். ஆட்டக்காரர்களிடமிருந்தே இதற்கு எதிர்ப்பு வந்தது. மாற்றங்கள் வந்துகொண்டே இருக்கும் ஒரு தொழில் இது என்பதைப் பிள்ளை தெரிந்து வைத்திருக்கட்டும்.

"யார் பார்க்கிறார்கள்" என்பது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ரொறன்ரோவில் இருந்து பார்த்தால் அத்தான் சொல்வது சரியாகத்தான் படும். இங்கே மேப்பிள் லீஃப்ஸ், ரப்ரர்ஸ், புளூ ஜேய்ஸ், ரொறன்ரோ எஃப்.சி. எல்லாம் இருக்கின்றன, பஃபலோ பில்ஸ் அணியின் மைதானமோ இரண்டு மணி நேரக் கார் ஓட்டத்தில் இருக்கிறது. ரொறன்ரோவின் சி.எஃப்.எல். அணியான ஆர்கனோட்ஸ் 2022இலும் 2024இலும் கிண்ணம் வென்றும் நகரம் பெரிதாய் அசையவில்லை. சஸ்கச்சுவான் மாகாணத்தின் ரெஜைனாவுக்குப் போனால் கதை வேறு. சஸ்கச்சுவான் அணி அந்த மாகாணத்து மக்களின் அணி, வின்னிபெக்கிலும் அப்படித்தான். லாபம் பார்க்கும் தனி முதலாளி இல்லாமல் சமூகத்தின் பெயரிலேயே நடக்கும் அணிகள் அவை. இந்த லீக் விழாமல் நிற்பதில் அந்த ஊர்களுக்கும் ரி.எஸ்.என். விளையாட்டுத் தொலைக்காட்சியின் ஒளிபரப்பு ஒப்பந்தத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

இனி உங்கள் மகனுக்கு நேரடியாகப் பயன்படும் விசயம். வேறெந்தத் தொழில்முறை ஃபுட்போல் லீக்கிலும் கிடைக்காத ஒரு பாதுகாப்பு இங்கே அவனுக்கு உண்டு. சி.எஃப்.எல். அணி ஒவ்வொன்றும் குறிப்பிட்ட எண்ணிக்கையான கனடியர்களை வைத்திருக்க வேண்டும், அதில் ஒரு பகுதியினரைத் தொடக்க வரிசையிலேயே இறக்க வேண்டும். ஒன்பது அணிகளிலும் ஏறக்குறைய பாதி இடங்கள், அதாவது நாடு முழுக்க சுமார் 200 இடங்கள், கனடியர்களுக்கு. கனேடியக் குடியுரிமை உள்ள உங்கள் பிள்ளை அந்த வரிசையில் நிற்கிறான். ஒஹாயோவில் பெரிய பல்கலைக்கழகத்தில் ஆடியவனோடு அந்த இடத்துக்கு அவன் மோதத் தேவையில்லை.

அந்த அமெரிக்கப் பையன்களுக்கு இப்போது இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. எக்ஸ்.எஃப்.எல்.லும் புதிய யு.எஸ்.எஃப்.எல்.லும் சேர்ந்து 2024இல் யு.எஃப்.எல். என்று எட்டு அணிகளோடு வந்தன. முதல் ஆண்டில் வாரம் 5,500 அமெரிக்க டொலர், பத்து ஆட்டங்கள். கணக்குப் போட்டால் நம்முடைய லீக்கின் குறைந்தபட்சச் சம்பளத்துக்குப் பக்கத்தில்தான் வரும். ஆனால் அது இளவேனிலில் முடிந்துவிடுகிறது, அதன்பின் கோடையில் என்.எஃப்.எல். முகாமுக்குப் போகலாம். சி.எஃப்.எல்.லில் ஒப்பமிட்டவர் அந்தக் கோடையில் இங்கே ஆடிக்கொண்டிருப்பார். ஆகவே சில அமெரிக்கர்கள் இங்கே வராமல் அங்கேயே தங்குகிறார்கள். சி.எஃப்.எல்.லுக்கு இது தலையிடி. கனடியப் பிள்ளைகளின் இடங்களை இது தொடவில்லை.

அதற்காக 200 இடங்கள் நிறைய என்று நினைக்க வேண்டாம். 27 கனேடியப் பல்கலைக்கழகங்களில் ஃபுட்போல் அணிகள் இருக்கின்றன, அமெரிக்காவில் படிக்கும் கனடியர்களும் இருக்கிறார்கள். இவ்வளவு பேரிலும் அணிகள் புதிய ஆட்டக்காரரைத் தெரிந்தெடுக்கும் வருடாந்தத் தெரிவில் எட்டுச் சுற்றுகளில் பெயர் வருவது எழுபது சொச்சம் பேருக்கு. பெயர் வந்தாலும் முகாமில் வெட்டப்படலாம். மகன் லைன்பேக்கர், அதாவது தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரன், என்று எழுதியிருந்தீர்கள். இந்த இடத்தில் தெரிவாகும் கனடியர் பலர் முதல் ஓரிரு ஆண்டுகள் ஸ்பெஷல் ரீம்ஸில், அதாவது பந்து உதைக்கும் தருணங்களில் மட்டும் ஓடுவார்கள். அதையும் விரும்பிச் செய்யக்கூடிய பிள்ளையா என்று அவனிடமே கேளுங்கள்.

இதை ஏணியாக வைத்து என்.எஃப்.எல்.லுக்குப் போகலாம் என்பது அவன் சொல்லும் அடுத்த காரணம். போனவர்கள் உண்டு. வாரன் மூன் எட்மன்ரனில் ஐந்து கிண்ணங்கள் வென்றுவிட்டு 1984இல் ஹூஸ்ரனுக்குப் போய்ப் பெரும் புகழ் பெற்றார். அண்மையில் லோரியே பல்கலைக்கழகத்தின் ரெய்லர் எல்கர்ஸ்மா 2025இல் கிரீன் பே பக்கர்ஸ் முகாம் வரை போய், அங்கே விடுவிக்கப்பட்டு, தன்னைத் தெரிவு செய்திருந்த வின்னிபெக்குக்கு வந்தார். 2024இல் கனேடியப் பல்கலைக்கழக ஃபுட்போலின் மிகச் சிறந்த ஆட்டக்காரராக விருது பெற்றவருக்கே நிலைமை இது. என்.எஃப்.எல்.லை அவன் மனதில் வைத்திருக்கட்டும், குடும்பத்தின் கணக்கில் வைக்க வேண்டாம்.

நான் உங்கள் வீட்டுக்குச் சொல்லக்கூடிய உதாரணம் லோரன் டுவெர்னே-ரார்டிவ். மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டே ஃபுட்போல் ஆடினார். 2014இல் என்.எஃப்.எல்.லின் கான்சஸ் சிற்றி அணிக்குத் தெரிவானார், ஆடிக்கொண்டே மருத்துவப் பட்டத்தை முடித்தார், 2020 பெப்ரவரியில் என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் போல் வென்றார். அடுத்த பருவத்தில் ஆடாமல் கியூபெக்கில் முதியோர் இல்லம் ஒன்றில் கொரோனா நோயாளிகளைப் பார்த்தார். எல்லாப் பிள்ளைகளாலும் இது முடியாது, ஆனால் படிப்பும் ஆட்டமும் ஒன்றையொன்று தின்னும் என்ற உங்கள் பயத்துக்கு அவர் பதில். உங்கள் மகனின் உயிரியல் புள்ளிகளைப் பார்த்த பின்புதான் இவர் பெயரைச் சொல்கிறேன்.

ஆகவே என் ஆலோசனை: மறிக்காதீர்கள். ஆனால் அமெரிக்கத் தனியார் பள்ளிக்குக் கடன் வாங்கி அனுப்பும் யோசனையை விட்டுவிடுங்கள். சி.எஃப்.எல்.லுக்குப் போகும் நேரான வழி கனேடியப் பல்கலைக்கழகம்தான். ஐந்து பருவங்கள் ஆடலாம், தெரிவான பிறகும் மறுபடி வந்து பட்டத்தை முடிப்பவர்கள் இருக்கிறார்கள். விளையாட்டு உதவித்தொகை இங்கே படிப்புக் கட்டணத்தைத் தாண்டாது, வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஃபுட்போல் இல்லாவிட்டாலும் அவன் அங்கே படிக்க விரும்புவானா என்பதைப் பார்த்துப் பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்யுங்கள். விளையாட்டை விட்டு விலக மனமில்லை என்றால் ஷெரிடன் கல்லூரியின் அத்லெட்டிக் தெரப்பி (விளையாட்டுக் காயங்களுக்கான சிகிச்சை), புரொக் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு முகாமைத்துவம் போன்ற படிப்புகளும் உண்டு. முதுகலையாக இயன்மருத்துவம் படிக்க அவனுடைய உயிரியல் கைகொடுக்கும்.

தலைக்காயம் பற்றி நீங்கள் ஒரு வரியில் மட்டும் கேட்டிருந்தீர்கள். எனக்கு அதுதான் மிகப் பெரிய கவலை. திரும்பத் திரும்பத் தலையில் படும் அடி மூளைக்குச் செய்யும் கேடு இந்த விளையாட்டில் உண்மையான ஆபத்து. அடிபட்டு மயக்கமோ குழப்பமோ வந்தால் வைத்தியர் அனுமதி தராமல் மைதானத்துக்குப் போவதில்லை என்று அவனிடம் இப்போதே வாக்கு வாங்குங்கள். அதை மறைக்கிற பிள்ளை என்றால் என் ஆலோசனை முழுவதும் மாறும்.

அடுத்த ஆண்டுக்கு உயிரியல், இரசாயனவியல், கணிதம் மூன்றையும் பல்கலைக்கழக மட்டத்தில் பதிந்து வைக்கட்டும். ஒன்ராறியோப் பல்கலைக்கழக விண்ணப்பம் ஜனவரி நடுப்பகுதியில் முடிந்துவிடும். அதற்கு முன், இந்தப் பருவத்து ஆட்டங்களின் வீடியோவை ஐந்தாறு பல்கலைக்கழகப் பயிற்சியாளர்களுக்கு அவனே எழுதி அனுப்பட்டும், நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம். பதில் தரும் பயிற்சியாளரைச் சந்திக்கப் போகும்போது அத்தானையும் கூட்டிப் போங்கள். உங்கள் அணியில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள், காயப்பட்ட பிள்ளையின் உதவித்தொகை அடுத்த ஆண்டும் தொடருமா, அணியோடு எப்போதும் நிற்கும் தெரப்பிஸ்ட் இருக்கிறாரா என்ற மூன்றையும் அவரே கேட்கட்டும்.