முதல் ஓவியப் புத்தகம்: எதை வாங்குவது?

கேள்வி: பத்தாம் வகுப்பு முடித்திருக்கும் என் மகளுக்கு ஓவியம் என்றால் உயிர். பிறந்த நாளுக்கு ஐரோப்பிய ஓவியர்களைப் பற்றிய படப் புத்தகம் வாங்கித் தர நினைக்கிறேன். கடையில் ஆயிரம் ஓவியங்கள் அடங்கிய தடித்த புத்தகம் இருக்கிறது. ஓவியர் ஒருவரைப் பற்றி மட்டும் பேசும் மெல்லிய புத்தகங்களும், பாரிஸ், வெனிஸ் போன்ற நகரங்களைப் பற்றிய படப் புத்தகங்களும் இருக்கின்றன. அடிக்கடி வாங்க வசதி இல்லை. எதைத் தேர்ந்தெடுப்பது? படங்கள் எல்லாம் இணையத்திலேயே கிடைக்கும்போது புத்தகம் தேவைதானா? (வாசகி, மதுரை)

பதில்: தடித்த புத்தகத்தை முதலில் ஒதுக்கிவிடுங்கள். ஆயிரம் ஓவியங்களை அடக்க வேண்டுமென்றால் பல படங்கள் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கும், விளக்கமும் நாலு வரியில் முடியும். ஓவியத்தின் பெயரும் ஓவியரின் பெயரும் மனப்பாடமாகும். ஒரு படத்தின் முன் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கும் பழக்கம் வராது. உங்கள் மகளுக்கு இந்த வயதில் வர வேண்டியது அந்தப் பழக்கம்தான். அவளுக்கு ஏற்கெனவே பிடித்த ஓவியர் ஒருவர் இருப்பார். அவரைப் பற்றிய தனிப் புத்தகத்தில் தொடங்குங்கள்.

கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்ததும், படங்களைப் பார்ப்பதற்கு முன் படத்தின் கீழே இருக்கும் குறிப்பைப் படியுங்கள். ஓவியத்தின் பெயர், வரைந்த ஆண்டு, எதன்மேல் எதனால் வரையப்பட்டது, சென்டிமீட்டரில் உயரமும் அகலமும், இப்போது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது ஆகிய ஐந்தும் வேண்டும். அளவு இல்லாத புத்தகத்தை நான் வாங்குவதில்லை. ஏனென்றால் அச்சில் எல்லா ஓவியமும் ஒரே அளவாகிவிடுகிறது. டச்சு ஓவியர் வெர்மீரின் ‘சரிகை பின்னும் பெண்’ பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் 21 செ.மீ., உயரம் 24.5 செ.மீ. நாம் அன்றாடம் புழங்கும் ஏ4 தாளின் அகலம்தான். உயரம் அதைவிடக் குறைவு. மாட்ரிட்டில் இருக்கும் பிக்காஸோவின் ‘குவெர்னிகா’வோ 349 செ.மீ. உயரமும் 777 செ.மீ. அகலமும் கொண்டது. புத்தகத்தில் இரண்டும் ஒரு பக்கத்தில் ஒன்றுபோல் உட்கார்ந்திருக்கும். ஒன்று குனிந்து பார்க்க வேண்டிய படம், மற்றது அண்ணாந்து பார்க்க வேண்டிய படம் என்பது அந்த எண்களில் மட்டுமே இருக்கிறது. மகளிடம் ஒரு டேப்பையும் சுண்ணக்கட்டியையும் கொடுத்து, மொட்டைமாடிச் சுவரில் இரண்டின் அளவையும் கோடு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நான் என் மாணவர்களுக்குக் கொடுக்கும் முதல் பயிற்சி இது. அதன் பிறகு அவர்கள் புத்தகத்தைப் பார்க்கும் விதமே மாறிவிடுகிறது.

அடுத்தது நிறம். இதைச் சோதிக்கப் பளிச்சென்ற படத்தைத் திறக்காதீர்கள். இருண்ட படத்தைத் திறங்கள். ரெம்பிராண்ட் 1642இல் முடித்த ‘இரவுக் காவல்’ நல்ல உரைகல். மட்டமான அச்சில் அதன் பின்புறம் முழுவதும் தார் பூசியதுபோல் ஒரே கறுப்பாக இருக்கும். நல்ல அச்சில் அந்த இருட்டுக்குள்ளேயே பழுப்பும் பச்சையும், பின்வரிசை முகங்களும், வளைவு வாசலின் கல்லும் தெரியும். உண்மையில் அது இரவுக் காட்சியே அல்ல. மேலே பூசிய வார்னிஷ் காலப்போக்கில் கறுத்துப்போனதால்தான் பிற்காலத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1715இல் ஆம்ஸ்டர்டாம் நகர மண்டபத்துக்கு மாற்றியபோது, அங்கே இடம் போதாமல் ஓவியத்தின் நான்கு ஓரங்களையும் வெட்டினார்கள். வெட்டுவதற்கு முன் வரையப்பட்ட சிறிய நகல் ஒன்று இருக்கிறது. ரெம்பிராண்டைப் பற்றிய புத்தகம் அந்த நகலையும் பக்கத்தில் அச்சிட்டிருந்தால், தொகுத்தவர் அக்கறையோடு வேலை செய்திருக்கிறார் என்று நம்பலாம்.

அச்சு நன்றாக இருந்தாலும் நிறத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. வான்கோ தன் படுக்கையறையை 1888 அக்டோபரில் வரைந்தபோது, சுவர்கள் வெளிர் ஊதா என்று தம்பி தியோவுக்குக் கடிதம் எழுதினார். இன்று அந்தச் சுவர்கள் நீலமாக இருக்கின்றன. ஊதாவில் கலந்திருந்த சிவப்பு நிறமி வெளிச்சத்தில் மங்கிவிட்டது. அச்சுக்காரர் மேல் பிழையில்லை, ஓவியமே மாறிவிட்டது. இந்தச் செய்தியைச் சொல்லும் வான்கோ புத்தகம் கிடைத்தால், இரண்டாவது எண்ணம் வேண்டாம்.

பைண்டிங்கையும் கவனியுங்கள். புத்தகத்தை நடுவில் திறந்து மேசைமேல் வைத்தால் தானாகத் திறந்தபடியே இருக்க வேண்டும். தையல் போட்டது நிற்கும். வெறும் பசையால் ஒட்டியது மூடிக்கொள்ளும், அழுத்தினால் முதுகு பிளந்து தாள் கழன்று வரும். இரண்டு பக்கங்களில் விரியும் படங்களில் நடுமடிப்பு எதை விழுங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு முகமே அதற்குள் போய்விட்ட புத்தகங்கள் உண்டு. பாரிஸ் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் மோனேயின் அல்லிக்குளம் இரண்டு நீள்வட்ட அறைகளில் ஏறக்குறைய 90 மீட்டருக்கு ஓடுகிறது. அதைச் சாதாரணப் பக்கத்தில் காட்டவே முடியாது. மடிப்புத் தாளாக நீட்டி விரித்துக் காட்டும் பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள்.

எழுத்தும் படமும் எதிரெதிரே இருக்கின்றனவா என்பதும் முக்கியம். 1950இல் வெளிவந்த கோம்ப்ரிச்சின் ‘கலையின் கதை’ (The Story of Art) என்ற கலை வரலாற்று நூல் இன்றுவரை விற்பதற்கு இது ஒரு காரணம் என்பது என் எண்ணம். படமாகக் காட்ட முடியாத ஓவியத்தைப் பற்றி எழுதுவதில்லை என்று அவர் தனக்கே விதி வைத்துக்கொண்டார். கூடியவரை பக்கத்தைப் புரட்டாமலே பேசப்படும் படம் கண்முன் இருக்கவும் ஏற்பாடு செய்தார். இரண்டாவதாக ஒரு புத்தகம் வாங்க முடிந்தால் அது இதுவாக இருக்கட்டும்.

நகரப் புத்தகத்தையும் கேட்டிருந்தீர்கள். வெறும் அந்தி வானமும் கோபுரமுமாக இருக்கும் புகைப்படத் தொகுப்பால் ஓவிய மாணவிக்குப் பயன் குறைவு. வரைபடம், தெருக்களின் வரலாறு, கட்டடங்களின் குறுக்குவெட்டுப் படம் இவை உள்ளதைத் தேடுங்கள். அவள் மனம் இம்ப்ரெஷனிசத்தின் (மாறும் ஒளியை அந்தக் கணத்திலேயே பிடித்து வரையும், மோனே போன்றவர்களின் பாணி) பக்கம் இருந்தால் பாரிஸ் புத்தகம் ஓவியப் புத்தகத்துக்குச் சமம். 1853 முதல் 1870 வரை ஓஸ்மான் என்ற அதிகாரி பழைய சந்துகளை இடித்து, அகன்ற நேர் சாலைகளையும் ஒரே உயரத்து மாடி வீடுகளையும் உருவாக்கினார். 1877இல் காயிபொத் வரைந்த ‘பாரிஸ் தெரு, மழை நாள்’ படத்தில் குடை பிடித்து நடப்பவர்கள் அந்தப் புதுத் தெருவில்தான் நடக்கிறார்கள். 1897இல் பிஸ்ஸாரோ ஓர் ஓட்டல் அறை ஜன்னலில் இருந்து மோன்மார்த்ர் சாலையைப் பதினான்கு முறை வரைந்தார். பனியில், வெயிலில், ஒரு முறை இரவு விளக்கொளியிலும். நகர வரைபடத்தில் அந்தச் சாலையின் மேல் விரலை வைத்துக்கொண்டு பிஸ்ஸாரோவைப் பார்க்கட்டும். ஜன்னலில் நிற்கும் உயரம்கூடப் புரிந்துவிடும்.

இணையத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை விலக்க வேண்டியதே இல்லை. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் தங்கள் சேகரிப்பில் பெரும் பகுதியைக் கட்டணமின்றித் தெளிவான படங்களாகத் தருகின்றன. மெட்ரோபாலிட்டனின் பழைய கண்காட்சி நூல்கள் பலவற்றை முழுதாகவே தரவிறக்கலாம். வான்கோவின் கடிதங்களும் இலவசம். தூரிகைத் தடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத் திரைக்கு இணையில்லை. ஆனால் ஓர் ஓவியர் இருபதாவது வயதில் வரைந்ததையும் ஐம்பதாவது வயதில் வரைந்ததையும் வரிசையாக வைத்து, இடையில் என்ன நடந்தது என்று சொல்வதற்குப் புத்தகம் வேண்டும். ஆகவே புத்தகத்தில் ஒரு படத்தைப் படித்துவிட்டு, அதே படத்தை அருங்காட்சியகத்தின் தளத்தில் திறந்து ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

பழைய புத்தகக் கடையிலும் தாராளமாகத் தேடலாம். சில பழைய பதிப்புகளில் வண்ணப் படங்களைத் தனியே அச்சிட்டு மேல் ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒட்டியிருப்பார்கள். அவற்றைக் கழற்றி எடுத்துவிடுவது எளிது. படப் பட்டியலோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பராமரிப்பில் ஒன்றை மறக்காதீர்கள். இப்படிப்பட்ட புத்தகங்களை அச்சிடும் வழவழப்பான ஆர்ட் பேப்பரின் மேல் வெள்ளைக் களிமண் பூச்சு இருக்கிறது. நனைந்து அப்படியே காய்ந்துவிட்டால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாகிவிடும். பிறகு பிரிக்க முடியாது. தண்ணீர் பட்டால் ஈரம் காய்வதற்குள் ஒவ்வொரு தாளாகப் பிரித்து இடையே மெழுகுத் தாள் வையுங்கள். கனமான புத்தகத்தை அலமாரியில் நிறுத்தி வைத்தால் உள்தாள்களின் எடை முதுகைக் கீழே இழுக்கும், படுக்கப் போடுங்கள். பீரோவில் பூட்டி மட்டும் வைக்காதீர்கள். அவள் படிக்கும் மேசையின் ஓரத்தில், ஏதாவது ஒரு பக்கம் திறந்தபடியே இருக்கட்டும்.