வங்கி அதிகாரி கட்சி அரசியலில் இறங்கலாமா?

மட்டக்களப்பில் தனியார் வங்கியில் உதவி முகாமையாளர், கட்சியிலும் வேலை செய்கிறேன், இரண்டையும் கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேர்தலில் நிற்பதற்கு உங்கள் வேலை சட்டப்படி தடையில்லை. இலங்கை வங்கி, மக்கள் வங்கி என்றால் கதை வேறு: அரச கூட்டுத்தாபனங்களில் குறித்த தரத்துக்கு மேலுள்ளவர்கள் நாடாளுமன்றத்துக்குத் தெரிவாவதை அரசியலமைப்பின் 91ஆம் உறுப்புரை தடுக்கிறது. நீங்கள் முதலில் பார்க்கவேண்டியது நியமனக் கடிதத்திலுள்ள நிபந்தனைகளை.

எரான் விக்கிரமரத்ன என்டிபி வங்கியின் (தேசிய அபிவிருத்தி வங்கி) தலைமை நிறைவேற்று அதிகாரியாக இருந்தவர். 2010இல் அதை விட்டுவிட்டுத்தான் ஐக்கிய தேசியக் கட்சியின் தேசியப் பட்டியலில், அதாவது நாடு முழுக்கக் கட்சி பெற்ற வாக்குக்கு ஏற்பக் கிடைக்கும் நியமன ஆசனத்தில், நாடாளுமன்றம் போனார். பிறகு நிதி இராஜாங்க அமைச்சருமானார். இங்கே தேசியப் பட்டியலை நம்பமுடியாது. மாவட்டத்துக்கு 5 ஆசனம்தான், கல்குடாவிலிருந்து பட்டிருப்பு வரை விருப்புவாக்குக்கு (கட்சிக்குப் போடும் வாக்கோடு வேட்பாளருக்குத் தனியாகப் போடுவது) நடக்கவேண்டும்.

உண்மையான சிக்கல் கடன் மேசையில் இருக்கிறது. நான் வேளாண்மைக் கடன் பார்த்த காலத்தில் ஒரு ஐயா கோப்பை வைத்துவிட்டு, "தம்பி, உங்கட ஆக்களுக்குத்தான் வோட்டுப் போட்டனான்" என்றார். கோப்பில் காணிப் பெர்மிட் இல்லை. நான் எந்தக் கட்சியிலும் இல்லை, ஆனாலும் கை நடுங்கியது. நீங்கள் கட்சிக்காரர், இதே கோப்பு உங்களிடம் தினமும் வரும். கடன் அனுமதிக்கும் பொறுப்பிலிருந்து இப்போதே மாற்றம் கேளுங்கள். வேட்புமனுவுக்கு முன் வேலையையும் விட்டுவிடுங்கள்.