900 அடிக்குப் போர் போடலாமா, குட்டை வெட்டலாமா?

கேள்வி: பேரையூர் பக்கம் 3 ஏக்கர் செவல் நிலம். பழைய கிணறு ஒன்றும் 600 அடி போர் ஒன்றும் இருக்கின்றன. மாசி பிறந்தாலே போரில் காற்றுதான் வருகிறது. 900 அடிக்கு இன்னொன்று போட்டால் பத்து வருடம் தாங்குமா? பண்ணைக்குட்டை வெட்டுவது மேலா?

பதில்: போர் வேண்டாம் என்பேன். உங்கள் பகுதி கடினப் பாறை. மேலே உளுத்துப்போன பாறையிலும், அதற்குக் கீழே வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கும். ஆழம் போகப் போக வெடிப்புகள் பொதுவாகக் குறையும். அப்படியே ஒன்று அகப்பட்டாலும், பக்கத்துத் தோட்டத்துப் போர் ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருக்கும் வெடிப்பாகவே அது இருக்கலாம். கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவர் இதையெல்லாம் சொல்ல மாட்டார்.

வானத்திலிருந்து வருவதைக் கணக்குப் போடுவோம். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில். உங்கள் 3 ஏக்கரில் அது ஒரு கோடி லிட்டருக்கு மேல். பத்தில் ஒரு பங்கு வழிந்தோடினாலும் 10 லட்சம் லிட்டர். 20 மீட்டருக்கு 20 மீட்டர், 2 மீட்டர் ஆழம், சரிவான கரை என்று ஒரு குட்டை வெட்டினால் ஒரு நிரப்புக்கு 5 முதல் 6 லட்சம் லிட்டர் பிடிக்கும். ஒரு ஏக்கருக்கு 25 மில்லிமீட்டர் உயிர்த்தண்ணீர் (வாடும் பயிரைக் காப்பாற்ற விடும் தண்ணீர்) விட ஒரு லட்சம் லிட்டர் போதும்.

ஆனால் குட்டையில் சித்திரை வரை தண்ணீர் வைத்திருக்க ஆசைப்படாதீர்கள். நல்ல வெயிலில் தினமும் 5, 6 மில்லிமீட்டர் ஆவியாகும்; இந்த அளவுக் குட்டை நிரம்பியிருந்தால் நாளுக்கு 2,000 லிட்டருக்கு மேல் போச்சு. செவலில் கசிவு வேறு. தார்ப்பாய் விரித்து அதைத் தடுக்கச் சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். குட்டையைக் கிணற்றுக்கு மேட்டுப் பக்கம் வெட்டுங்கள், கசிவது பெரும்பாலும் கிணற்றுக்கே வரும். கலங்கல் தண்ணீரை மட்டும் நேராகக் கிணற்றிலோ போரிலோ விடாதீர்கள். வண்டல் ஊற்றுக்கண்ணை அடைத்துவிடும். அப்புறம், கண்மாய்க்குப் போகும் வரத்துக்கால் உங்கள் நிலத்தை ஒட்டி ஓடினால் அதை மறிக்க வேண்டாம். அது ஊர்த் தண்ணீர்.

கோடை உழவும் வரப்பு உயர்த்துவதும் உங்களுக்கே தெரியும்.

பத்து வருடத் திட்டம் என்றால் ஒரு கயிறும் ஒரு நோட்டும் வேண்டும். மோட்டார் ஓடாத காலை நேரத்தில், மாதம் ஒருமுறை கிணற்று நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். பொங்கல் முடிந்ததும் எடுக்கும் அளவுதான் முக்கியம். அதைப் பார்த்த பிறகே கோடைப் பயிரை முடிவு செய்யுங்கள்: மட்டம் நன்றாக இருந்தால் ஒரு ஏக்கர் காய்கறி, குறைந்திருந்தால் எள்ளோ உளுந்தோ கொஞ்சமாக, மோசமென்றால் தரிசு. சொட்டுநீர்க் குழாய்க்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு 100 சதவீத மானியம் தருகிறது. 3 ஏக்கர் அதற்குள் வரும். குட்டைக்கு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். வெட்டும் வேலையை ஆவணிக்குள் முடித்துவிட்டால் ஐப்பசி மழைக்குத் தயாராக இருக்கும்.