புது ஆய்வுகளை எங்கே தேடுவது? முனைவர் பட்ட மாணவர் கேள்விகளுக்குப் பதில்

நகரத்தார் வட்டித் தொழில் பற்றி ஆய்வு செய்கிறேன். பழைய நூல்களே இருக்கின்றன, அண்மை ஆய்வுகளைச் சேருங்கள் என்கிறார் நெறியாளர். எங்கிருந்து தொடங்குவது?
– ஆய்வு மாணவி, காரைக்குடி

கையில் இருக்கும் பழைய நூலிலிருந்தே தொடங்குங்கள். நகரத்தாரைப் பற்றி டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நூலை உங்கள் துறையில் யாரும் தவிர்க்க முடியாது. கடன், வைப்புத்தொகை, கோயில், திருமண உறவு எல்லாம் ஒன்றோடொன்று பின்னி, சாதி அமைப்பே நிதி அமைப்பாகவும் இயங்கியது என்பது அவர் வாதம். ஆய்வு நூல்களையும் கட்டுரைகளையும் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் அந்த நூலைத் தேடினால், கீழே 'சைட்டட் பை' என்று ஓர் எண் இருக்கும். அதைத் தொட்டால் அவரை மேற்கோள் காட்டியவர்கள் வரிசையாக வருவார்கள். ஆண்டை 2020 முதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். ரட்னரோடு முரண்படுபவர் யார், அவர் கேட்காமல் விட்டதைக் கேட்பவர் யார் என்று பாருங்கள். அந்த நாலைந்து கட்டுரைகள் போதும், உங்கள் அத்தியாயம் நிமிர்ந்துவிடும். அப்புறம் அதே பக்கத்தில் 'அலர்ட்' போட்டு வையுங்கள். புதிதாக வருவது மின்னஞ்சலுக்கே வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதுதான் எனக்கு முக்கியம். பெயர்களை அடுக்குவதற்காகப் புது ஆய்வைப் படிக்காதீர்கள். அதில் இருக்கும் கேள்வியை எடுத்துக்கொண்டு நம் ஊர்ப் பேரேட்டைத் திறங்கள். 1929–30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு நகரத்தாரான செட்டியார்களின் வட்டிக்கடைகளைப் பற்றி விரிவாகவே எழுதியது. ஆனால் நகரத்தார் வீட்டுப் பெண்களான ஆச்சிமாரின் சீர்ப்பணம் எந்தக் கடையில், என்ன வட்டிக்குப் போடப்பட்டது? கடையில் வேலை பழகப் போன பெட்டியடிப் பையனின் வாழ்க்கை எப்படி இருந்தது? பெண்களின் சொத்து பற்றியும் கூலியாட்களின் கடல்கடந்த இடப்பெயர்வு பற்றியும் இன்று உலகெங்கும் விவாதம் நடக்கிறது. அதற்கான சான்று செட்டிநாட்டு வீடுகளின் மரப்பெட்டிகளில் இருக்கலாம். வீட்டாரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு பாருங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த தொகுப்பு இப்போது சென்னை தரமணியில் ஆய்வு நூலகமாக இருக்கிறது. அங்கேயும் ஒரு வாரம் போய் உட்காருங்கள்.

எங்கள் கல்லூரியில் ஆய்விதழ் எதற்கும் சந்தா இல்லை. காசு கொடுத்துப் படிக்க வசதியும் இல்லை.
– பகுதிநேர ஆய்வாளர், தேவகோட்டை

உங்கள் பதிவு அரசுப் பல்கலைக்கழகத்தில் என்றால் முதலில் அதன் நூலகரைப் பாருங்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. ஆய்விதழ்களின் இணையத் தொகுப்பான ஜேஸ்டோரில் சொந்தக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை இலவசமாக இணையத்திலேயே படிக்கலாம். இந்திய ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா இணையதளம் இருக்கிறது. எதிலும் கிடைக்காவிட்டால் கட்டுரையாளருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். தயங்காதீர்கள், பலரும் மகிழ்ச்சியோடு அனுப்பிவைப்பார்கள்.

ஓர் ஆங்கிலக் கட்டுரையைப் படிக்க ஒரு வாரம் ஆகிறது. படித்ததும் மறந்துபோகிறது.
– ஆய்வு மாணவர், திருப்பத்தூர்

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பதால் வரும் சோர்வு இது. சுருக்கம், முன்னுரையின் கடைசிப் பத்திகள், முடிவுரை என்ற வரிசையில் பாருங்கள். உங்களுக்கு வேண்டியது என்று தெரிந்தால் மட்டும் தரவு எப்படித் திரட்டப்பட்டது என்ற பகுதிக்குப் போங்கள். பிறகு கட்டுரையை மூடிவிட்டுத் தமிழில் அரைப்பக்கம் எழுதுங்கள்: இவர் என்ன சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார், எனக்கு எங்கே உறுத்துகிறது. மூன்றாவதை எழுத முடியவில்லை என்றால் இன்னொரு முறை படிக்க வேண்டும். தமிழில் யோசித்து எழுதியது எளிதில் மறக்காது.

முடிந்தால் இதைத் தனியாகச் செய்யாதீர்கள். உங்கள் துறையில் நாலு பேர் சேர்ந்து, மாதம் இரண்டு சனிக்கிழமை, ஆளுக்கொரு கட்டுரை என்று பேசுங்கள். பொருளியல் மாணவரும் சமூகப்பணி மாணவரும் கலந்திருந்தால் இன்னும் நல்லது. கண்டாங்கி நெசவாளரின் கூலியை ஒருவர் கணக்காகப் பார்ப்பார், மற்றவர் குடும்பமாகப் பார்ப்பார். இரண்டும் உங்களுக்கு வேண்டும்.

பணம் கட்டினால் மூன்றே நாளில் கட்டுரை வெளியிடுகிறோம் என்று அழைப்பு வருகிறது. போடலாமா?
– பெயர் வேண்டாம், காரைக்குடி

வேண்டாம். மூன்று நாளில் எந்த வல்லுநரும் உங்கள் கட்டுரையை ஒழுங்காக மதிப்பிட முடியாது. ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தன் 2022 விதிமுறைகளில் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாட்ஜிபிடி தரும் மேற்கோள்களைப் பயன்படுத்தலாமா?
– ஆய்வு மாணவி, புதுவயல்

இல்லாத கட்டுரைக்கும் அது ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் தந்துவிடும். தேடுவதற்குச் சரியான சொற்கள் கேளுங்கள், அது பயன்படும். ஆனால் நீங்களே திறந்து பார்க்காத ஒரு கட்டுரையைக்கூட ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள்.