பழைய மியாட்டாவுக்கு வீட்டிலேயே கோல்டு ஏர் இன்டேக் செய்யலாமா?

கேள்வி: நான் டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் வசிக்கிறேன். என்னிடம் 1991-ஆம் ஆண்டு மஸ்டா மியாட்டா இருக்கிறது, 1.6 லிட்டர் என்ஜின், ஐந்து கியர். கோடையில் வண்டி சோர்ந்துவிடுகிறது. வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை என்ஜினுக்குக் கொண்டுவரும் குழாய் அமைப்பான கோல்டு ஏர் இன்டேக் கடையில் விற்கும் விலை கட்டுப்படியாகவில்லை என்பதால், மூன்று அங்குல பிவிசி குழாயும் ஒரு கூம்பு ஃபில்டரும் வாங்கி நானே செய்துகொள்ளலாம் என்று எண்ணுகிறேன். ஃபில்டரை முன்பம்பருக்குக் கீழே இறக்கி வைத்தால் நல்ல குளிர்ந்த காற்று கிடைக்கும் அல்லவா? எத்தனை குதிரைத்திறன் கூடும்?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் பிவிசி, மூன்று அங்குலம், பம்பருக்குக் கீழே என்ற உங்கள் மூன்று முடிவுகளையும் மாற்றிக்கொள்ளச் சொல்லப்போகிறேன். பணச் செலவு குறையும். உழைப்பு சற்றுக் கூடும்.

முதலில் குதிரைத்திறன். காற்றின் அடர்த்தி அதன் தனிவெப்பநிலைக்கு (கெல்வின் அளவுக்கு) எதிர்விகிதத்தில் மாறும். வெளியே 38 டிகிரி செல்சியஸ் இருக்கும் பிற்பகலில், பானெட்டுக்குள் ஃபில்டர் இழுக்கும் காற்று 55 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை முழுமையாக வெளிக்காற்றாக மாற்றிவிட்டால் அடர்த்தி ஏறத்தாழ 5.5 சதவீதம் கூடும். ஆனால் திறன் அதே அளவுக்குக் கூடாது. குளிர்ந்து வரும் காற்று சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் சூடான இன்டேக் மேனிஃபோல்டையும் வால்வுகளையும் கடக்கும்போது, ஏற்கெனவே சூடாக வரும் காற்றைவிட அதிக வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. ஆகவேதான் என்ஜின் சோதனைக்கூடங்களில் திறனைத் திருத்திக் கணக்கிடும்போது வெப்பநிலை விகிதத்தின் வர்க்கமூலத்தைப் பயன்படுத்துகிறார்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் 116 குதிரைத்திறன் என்ஜினுக்கு மூன்று குதிரைத்திறன் அளவே தேறும். எல்லாம் மிகச் சாதகமாக அமைந்தாலும் ஆறைத் தாண்டாது. அதற்கு மேல் கிடைத்ததாக உணர்கிறவர்கள் பெரும்பாலும் கூம்பு ஃபில்டரின் உறுமலைத்தான் உணர்கிறார்கள். அந்த ஓசை இனிமையானது என்பதை நான் மறுக்கவில்லை.

வேகமாகப் போகும்போது முன்னாலிருந்து வரும் காற்று தானாகவே என்ஜினுக்குள் அழுத்தி நிரப்பும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே எடைபோட்டுவிடலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அழுத்தம் ஏறத்தாழ 450 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் அது அரை சதவீதம்கூட இல்லை. ஒரு குழாயின் வாயைக் கூர்மையாக வெட்டி அப்படியே விட்டுவிட்டால், அந்த விளிம்பில் ஏற்படும் இழப்பே இந்த ஆதாயத்தைப் பெருமளவு தின்றுவிடும். இதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

உங்கள் வண்டியின் அமைப்பைப் பாருங்கள். புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு என்ஜினின் இடப்பக்கம், அதாவது ஓட்டுநர் பக்கம் இருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியும் அதே பக்கத்தில் முன்மூலையில் அமர்ந்திருக்கிறது. அங்கிருந்து ஒரு குழாய் என்ஜினின் முன்புறமாகக் குறுக்கே ஓடி, வலப்பக்கத்தில் உள்ள, காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்குப் போகிறது. ஃபில்டருக்கு ஒருபுறம் மேனிஃபோல்டின் கதிர்வீச்சு வெப்பம்; மறுபுறம் ரேடியேட்டரைக் கடந்து பின்னால் வரும் சூடான காற்று. வண்டியோடு வந்த தொழிற்சாலைப் பெட்டி இந்த இரண்டிலிருந்தும் ஃபில்டரை ஓரளவு மறைத்துக் காக்கிறது. அந்தப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, திறந்தவெளியில் ஒரு கூம்பு ஃபில்டரை மாட்டினால் நீங்கள் செய்திருப்பது கோல்டு ஏர் இன்டேக் அல்ல. மேனிஃபோல்டின் அருகே வாய் திறந்து நிற்கும் சூடான காற்று இன்டேக்தான். குளிர்ந்த காற்றைத் தருவது ஃபில்டரோ குழாயோ அல்ல, சூடான காற்றைத் தடுத்து நிறுத்தும் சுவர். உங்கள் நேரத்தில் முக்கால் பங்கை அந்தச் சுவருக்கே ஒதுக்குங்கள்.

எதையும் வெட்டுவதற்கு முன் இரண்டு அளவுகளை எடுத்துவிடுங்கள். முதலாவது வெப்பநிலை. உங்கள் வண்டி 1996-க்கு முந்தையது என்பதால் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்க இப்போது கிடைக்கும் ஸ்கேனரைச் செருகிப் பார்க்க இயலாது. நீண்ட கம்பியுடன் வரும் மலிவான டிஜிட்டல் வெப்பமானி ஒன்றின் முனையை ஃபில்டர் பெட்டிக்குள் செருகி, திரையை டாஷ்போர்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். சிக்னலில் நிற்கும்போது, மணிக்கு 60 கிலோமீட்டரில் ஐந்து நிமிடம் போனபின், நெடுஞ்சாலையில் என மூன்று நிலைகளிலும் வெளி வெப்பநிலையோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது அழுத்த இழப்பு. ஒளி ஊடுருவும் மெல்லிய ஹோஸை ஒரு மீட்டர் உயரத்துக்கு யு வடிவில் வளைத்து, வண்ண நீர் ஊற்றி, ஒரு முனையை ஃபில்டருக்குப் பின்னால் இணைத்தால் அதுவே அழுத்தமானி; நீர்மட்ட வேறுபாடு 10 சென்டிமீட்டர் என்றால் இழப்பு ஏறத்தாழ ஒரு கிலோபாஸ்கல், அதாவது ஒரு சதவீதம். நீர் என்ஜினுக்குள் இழுபடாமல் இருக்க இடையில் ஒரு வெற்றுப் புட்டியைக் கட்டாயம் வையுங்கள். இரண்டாம் கியரில் என்ஜின் நிமிடத்துக்கு 7000 சுற்றைத் தொடும்போது உங்கள் வண்டியின் வேகம் மணிக்கு 95 கிலோமீட்டர் அளவே இருக்கும் என்பதால், நெடுஞ்சாலையில் ஏறும் சரிவுப்பாதையில் சட்டத்தை மீறாமலே இந்த அளவை எடுத்துவிடலாம். எண்ணைப் பார்ப்பது உடன் வருபவரின் வேலை, உங்களுடையது அல்ல. ஃபில்டருக்குப் பின்னால் 10 சென்டிமீட்டருக்குக் குறைவாக வந்தால் ஃபில்டரையும் பெட்டி வாயையும் பெரிதாக்கிப் பெறுவதற்கு எதுவும் இல்லை. முயற்சி முழுவதையும் வெப்பத்தின் பக்கம் திருப்புங்கள்.

அதே அளவை ஏர்ஃப்ளோ மீட்டருக்குப் பின்னாலும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உங்கள் ஆண்டின் 1.6 லிட்டர் வண்டியில் இருப்பது கதவு வகை மீட்டர். காற்று தள்ளத் தள்ள ஒரு சிறு கதவு ஸ்பிரிங்கை எதிர்த்துத் திறக்கும், அந்தக் கோணத்தைக் கொண்டு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கணக்கிடும். இந்த வண்டியின் இன்டேக்கில் பெரிய தடை அந்தக் கதவேதான். ஆனால் அதைக் கழற்ற முடியாது. காற்றின் வெப்பநிலையை அறியும் சென்சாரும், பெட்ரோல் பம்பை ஓடவிடும் ஸ்விட்சும் அதற்குள்ளேயே இருக்கின்றன. எனவே நீங்கள் எதைச் செய்தாலும் ஃபில்டருக்கும் குறுக்குக் குழாய்க்கும் இடையில், தொழிற்சாலையில் இருந்த அதே கிடையில் மீட்டர் இருக்க வேண்டும். மீட்டருக்குப் பின்னால் ஓர் இணைப்பில் சிறு கசிவு இருந்தாலும், கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்து, பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை மெலிந்துபோகும். கசிவு பெரிதானால் கதவு போதிய அளவு திறக்காமல் பம்ப் நின்று, வண்டி ஸ்டார்ட் ஆன கணத்திலேயே அணைந்துவிடும். வீட்டில் இன்டேக் மாற்றியவர்கள் இந்த அறிகுறியைப் பார்த்துவிட்டு, பழுதில்லாத பெட்ரோல் பம்பை மாற்றிவிட்டு விழிப்பதுண்டு. 1994 முதல் வந்த 1.8 லிட்டர் வண்டிகளில் இருப்பது சூட்டுக்கம்பி வகை; உங்கள் வண்டிக்குச் சொல்வதை அப்படியே அவற்றுக்குப் பொருத்த வேண்டாம்.

இப்போது சுவர். என் பரிந்துரை, கூம்பு ஃபில்டரைச் சுற்றி 1.5 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் ஒரு பெட்டி. முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பாருங்கள். மூன்று அட்டைகளாவது வீணாகும், அது இயல்பு. மடங்கி எழும் ஹெட்லைட்டின் மோட்டாரும் கம்பிகளும் அதே மூலையில்தான் இருக்கின்றன என்பதால், விளக்கை ஏற்றியும் இறக்கியும் பார்த்துவிட்டே அளவை முடிவு செய்யுங்கள். மேனிஃபோல்டை நோக்கிய சுவரும் ரேடியேட்டரை நோக்கிய சுவரும் முழு உயரத்துக்கு எழ வேண்டும். மேல் மூடியாக பானெட்டே அமையும். சுவரின் மேல் விளிம்பில் குழந்தைகள் விளையாடும் களிமண் உருண்டைகளை வைத்து பானெட்டை மூடித் திறந்தால், அவை நசுங்கிய தடிப்பே அங்கு ஒட்ட வேண்டிய ரப்பர் பட்டையின் அளவு. ரப்பர் ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி விட்டுவிட்டாலும் பெட்டி செய்ததன் பயன் பெரும்பாலும் போய்விடும்.

சுவர் எழுப்பி, வாய் வைக்க மறந்துவிடுபவர்களும் உண்டு. உள்ளே காற்று வர நேர்வழி இல்லையென்றால், பெட்டி எல்லா இடுக்குகளிலும் சூடான காற்றையே உறிஞ்சும். ரேடியேட்டருக்கு முன்புறத்திலிருந்து பெட்டிக்கு ஒரு பாதை வேண்டும். அதன் பரப்பு இன்டேக் குழாயின் பரப்பைப்போல் இரு மடங்கு இருந்தால் நல்லது. 63 மில்லிமீட்டர் குழாயின் பரப்பு ஏறத்தாழ 31 சதுர சென்டிமீட்டர் என்பதால், 75 மில்லிமீட்டர் வளையும் ஹோஸ்கள் இரண்டு போதுமானவை. முன்முகத்தின் சட்டத்தில் ஏற்கெனவே உள்ள திறப்புகளையே பயன்படுத்துங்கள். வண்டியின் உறுதிக்குரிய தகடுகளில் புதிதாகத் துளையிட வேண்டாம்.

ஒரு சிறு விலகல். முன்பம்பருக்கு அடியில் ரேடியேட்டர்வரை நீளும் பிளாஸ்டிக் தட்டு உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இந்த வயதுடைய மியாட்டாக்களில் அது உடைந்தோ தொலைந்தோ போயிருப்பது சாதாரணம். அது இல்லாவிட்டால் நிற்கும்போது ரேடியேட்டரிலிருந்து வெளியேறும் சூடான காற்று அடிவழியாகச் சுற்றி மீண்டும் முன்புறத்துக்கே வந்துவிடும். நீங்கள் என்னதான் ஹோஸ் இழுத்தாலும் அதன் வாய்க்கும் அந்தக் காற்றுதான் கிடைக்கும். தட்டை மாற்றினால் என்ஜினின் சூடும் அடங்கும்.

குழாய் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. 1597 சிசி என்ஜின் 7000 சுற்றில் நொடிக்கு 85 லிட்டர் அளவு காற்றை இழுக்கும். 63 மில்லிமீட்டர் குழாயில் அது நொடிக்கு 27 மீட்டர் வேகம், இதில் பெரிய இழப்பு ஏதும் இல்லை. மூன்று அங்குலக் குழாய் இடத்தை அடைப்பதோடு சரி. கதவு மீட்டர் இருக்கும்வரை அதன் அகலம் வீண். வெள்ளை பிவிசி 60 டிகிரிக்கு மேல் தன் உறுதியை இழந்து தொய்யத் தொடங்கும். மேனிஃபோல்டு பக்கம் அதற்கு இடமே கொடுக்காதீர்கள். அலுமினியக் குழாய், சிலிகான் ஹோஸ், துருப்பிடிக்காத கிளாம்ப் ஆகியவை போதும். உலோகக் குழாய் காற்றைச் சூடாக்கிவிடுமே என்று அஞ்ச வேண்டாம்: முழு த்ராட்டிலில் ஒரு மீட்டர் நீளத்தைக் காற்று நூறில் நான்கு பங்கு நொடியில் கடந்துவிடுகிறது. என்ஜின் சும்மா ஓடும்போது ஒரு நொடிக்கு மேல் தங்கும், சூடாகும்; ஆனால் அப்போது உங்களுக்குத் திறன் தேவைப்படுவதில்லை. வால்வு மூடியிலிருந்து குறுக்குக் குழாய்க்கு வரும் சுவாச ஹோஸ் உட்பட, பழைய குழாயில் இணைந்திருந்த ஒவ்வொரு ஹோஸும் புதியதிலும் அதே வரிசையில் இணைய வேண்டும்.

குழாய்வாயின் விளிம்பு என்று முன்னர் சொன்னேன். காற்றுவெளியில் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்விளிம்புக் குழாயில் நொடிக்கு 27 மீட்டர் வேகத்தில் 350 பாஸ்கல் அளவு இழப்பு. அதே விளிம்பை எக்காள வாய்போல் வளைத்துவிட்டால் 20 பாஸ்கல் அளவே. குழாய் விட்டத்தில் ஆறில் ஒரு பங்கு ஆரம் போதும், அதாவது பத்து மில்லிமீட்டர் வளைவு. ஃபில்டரின் கழுத்துக்குள் இத்தகைய வளைவு உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். ஹோஸ்களின் முன்வாய்க்கு மட்டும், வெப்பம் எட்டாத இடம் என்பதால், பிளாஸ்டிக் புனல் ஒன்றை வெட்டிப் பொருத்தலாம்.

பம்பருக்குக் கீழே ஃபில்டரை இறக்குவது பற்றி, ஹூஸ்டனில் இருக்கும் உங்களுக்கு நான் ஒருபோதும் ஒப்புதல் தரமாட்டேன். ஒரு மணிநேர மழையில் தெருக்கள் ஓடையாகும் ஊர் அது. உங்கள் என்ஜினின் அழுத்த விகிதம் 9.4-க்கு 1, ஒரு சிலிண்டரில் பிஸ்டன் மேலே வந்தபின் மிஞ்சும் இடம் 48 மில்லிலிட்டர் அளவுதான். மூன்று மேசைக்கரண்டிக்குச் சற்றே கூடுதலான நீர் ஒரு சிலிண்டருக்குள் போனால், நீர் சுருங்காது என்பதால் பிஸ்டனை இயக்கும் கனெக்டிங் ராடு வளையும். தேங்கிய நீரில் முன்சக்கரம் எழுப்பும் அலை, தாழ்ந்த ஃபில்டரை எளிதில் மூழ்கடிக்கும். ஃபில்டர் தொழிற்சாலைப் பெட்டி இருந்த உயரத்திலேயே இருக்கட்டும். ஹோஸ்கள் பெட்டிக்குள் நுழையும் இடம் அவற்றின் வாயைவிட உயரமாகவும், பெட்டியின் அடியில் ஒரு சிறு வடிகால் துளையும் இருக்கட்டும்.

சட்டம் பற்றி ஒரு சொல். உங்கள் ஹாரிஸ் கவுன்டியில் புகைச் சோதனை 24 ஆண்டு வரையிலான வண்டிகளுக்கே என்பதால் உங்களுடையது அதில் வராது. என்றாலும் என்ஜின் ஆவியை மீண்டும் உள்ளிழுக்கும் ஹோஸ்களைத் துண்டித்து அடைப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமே. கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயரும் எண்ணம் இருந்தால் பழைய பெட்டியைப் பத்திரமாக வையுங்கள். அங்கே மாநிலக் காற்றுவள வாரியத்தின் ஒப்புதல் எண் இல்லாத இன்டேக் கண்பார்வைச் சோதனையிலேயே தோற்றுவிடும்.

வேலையை இந்த வரிசையில் தொடங்குங்கள்: அடித்தட்டைச் சரிசெய்து, பழைய பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் வாய்க்கு மட்டும் முன்புறத்திலிருந்து ஒரு ஹோஸ் இழுத்து மீண்டும் வெப்பநிலையைக் குறியுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வெளிக்காற்றைவிட ஏழெட்டு டிகிரிதான் கூடுதல் என்று வெப்பமானி காட்டினால், அலுமினியத் தகட்டை வாங்கவே வேண்டாம்.